கட்டவிழ்க்கும் கைகள்

(தவக்காலம் ஐந்தாம் ஞாயிறன்று நம் பங்குத்தந்தை வானொலியில் வழங்கிய மறையுரை. நேயர்களும் பங்கு மக்களும் கேட்டுக்கொண்டதால் இங்கே அச்சிடப்படுகிறது. நற்செய்தி: யோவான் 11:1-45)



இன்னும் பதினான்கு நாளில் உயிர்ப்புப் பெருவிழா. நம் ஊர்களில் தவக்காலத்துக்கென்று ஒரு நல்ல வழக்கம் உண்டு. திருநீற்றுப் புதன் அன்று நெற்றியில் சாம்பல் பூசிக்கொண்டு, அன்றோடு குடியை நிறுத்திவிடும் ஆண்கள் பலர். அந்த நாற்பது நாளும் அந்த வீடுகளில் சத்தம் இருக்காது. சம்பளம் முழுதாக வீடு வந்து சேரும். அப்பா வரும் நேரத்தில் பிள்ளைகள் பயமில்லாமல் பாடம் படிப்பார்கள். ஆனால் அந்த வீட்டுத் தாய்மார்களிடம் கேட்டுப் பாருங்கள். பாஸ்கா திருவிழிப்பு நெருங்க நெருங்க அவர்களுடைய வயிற்றில் புளி கரையத் தொடங்கிவிடும். எல்லோரும் அல்லேலூயா பாடும் அந்த இரவில், “இன்றைக்கு மறுபடியும் தொடங்கிவிடுவாரோ” என்ற கவலையோடு கோயிலில் நிற்கும் பெண்களை எனக்குத் தெரியும்.

“நாற்பது நாள் நிறுத்தினேனே சாமி, நினைச்சா எப்ப வேணும்னாலும் விட்டுடுவேன்” என்று சொல்பவர்களையும் எனக்குத் தெரியும். அந்த நாற்பது நாளை நான் குறைத்து மதிப்பிடவில்லை, அது உண்மையான ஒறுத்தல். ஆனால் சிலருக்கு நாற்பத்து ஒன்றாம் நாளுக்குத்தான் உதவி தேவைப்படுகிறது. அதைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறேன். பேசுவதற்கு முன் என் தவறு ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்.

பல ஆண்டுகளுக்கு முன், வேறொரு பங்கில் இருந்தபோது, ஒரு கொத்தனாரை அவருடைய மனைவி என்னிடம் அழைத்து வந்தார். நல்ல மனிதர், நல்ல தொழிலாளி, குடி மட்டும்தான் குறை. நான் அவரைப் பீடத்தின் முன் நிறுத்தி, விவிலியத்தின் மேல் கைவைக்கச் சொல்லி, இனி தொடமாட்டேன் என்று சத்தியம் வாங்கினேன். அவர் அழுதார், நானும் ஆசீர் கொடுத்து அனுப்பினேன். பதினொரு நாள் தாங்கினார். பன்னிரண்டாம் நாள் குடித்துவிட்டார்.

அதன்பின் அவர் கோயிலுக்கு வரவில்லை. கடவுளுக்குக் கொடுத்த வாக்கை மீறிவிட்ட வெட்கம். தெருவில் என்னைப் பார்த்தால் பக்கத்துச் சந்தில் திரும்பிவிடுவார். அவருடைய மனைவி மறுபடியும் வந்து, “இன்னொரு தடவை சத்தியம் வாங்குங்க சாமி” என்றார். “அவரே வரட்டும் அம்மா” என்று சொல்லி அனுப்பினேன். அவர் வரவில்லை. இரண்டு ஆண்டு கழித்து நான்தான் அவரை அடக்கம் செய்தேன். வயது நாற்பத்து ஒன்று. கல்லறைத் தோட்டத்திலிருந்து திரும்பும்போது எனக்கு உறைத்தது. அவருக்கு ஒரு சத்தியத்தைக் கொடுத்தேன், கூட நடக்க ஓர் ஆளைக் கொடுக்கவில்லை.

இன்றைய நற்செய்தியில் இலாசரின் கல்லறை முன் நிற்கும் ஆண்டவர் மூன்று கட்டளைகள் தருகிறார். ஒன்றுதான் இலாசருக்கு, மற்ற இரண்டும் சுற்றி நிற்பவர்களுக்கு. கல்லை அகற்றச் சொல்கிறார். இலாசரை வெளியே அழைக்கிறார். கடைசியாக, அவருடைய கட்டுகளை அவிழ்க்கச் சொல்கிறார். இறந்தவருக்கு உயிர் கொடுத்தவருக்குத் துணிக்கட்டை அவிழ்ப்பது பெரிய வேலையா? ஆனாலும் அதை அவர் தாம் செய்யவில்லை, மனிதர்களிடம் விட்டுவிட்டார். இந்த மூன்று கட்டளைகளின் வழியே குடிநோயைப் பற்றிப் பார்ப்போம்.

முதலாவது, கல்லை அகற்றுதல்

கல்லை எடுக்கச் சொன்னவுடன் தயங்கியவர் மார்த்தா. நாலு நாளாகிவிட்டது, நாற்றம் வருமே என்று அஞ்சுகிறார். தம்பி மேல் அன்பில்லாமல் அல்ல, குடும்ப மானத்துக்காகத்தான். நம் வீடுகளிலும் இதே கல்லைத்தான் புரட்டி வைத்திருக்கிறோம். அவர் குடித்துவிட்டுப் படுத்திருக்கும்போது, வேலை செய்யும் இடத்துக்குப் போன் செய்து, “அவருக்குக் காய்ச்சல்” என்று சொல்வது ஒரு கல். அவர் வாங்கிய கடனை மனைவி நகையை வைத்து அடைப்பது இன்னொரு கல். அன்பினால் வைத்த கற்கள்தான், ஆனால் உள்ளே இருப்பவர் வெளியே வர அவை வழிவிடுவதில்லை.

குடிநோய் ஒரு நோய் என்று மருத்துவர்கள் சொல்கிறார்கள். ஒரு கிளாஸோடு நிறுத்த நினைத்தாலும் நிறுத்த முடியாமை, காலையில் கை நடுங்குவது, அந்த நடுக்கம் அடங்க மறுபடியும் குடிப்பது, முந்தின இரவு நடந்தது நினைவில் இல்லாமல் போவது, ஒளித்து வைத்துக் குடிப்பது ஆகியவை அதன் அடையாளங்கள். “அப்படியானால் பாவம் இல்லையா சாமி?” என்று கேட்பீர்கள். மனைவியை அடிப்பதும் பிள்ளையின் பள்ளிக் கட்டணத்தைக் குடித்துத் தீர்ப்பதும் தீமைதான், அதில் சந்தேகமே இல்லை. ஆனால் ஆழ வேரூன்றிய பழக்கமும் மனநோயும் ஒருவருடைய பொறுப்பைக் குறைக்கக்கூடும் என்று திருச்சபையின் மறைக்கல்வி தெளிவாகவே கற்பிக்கிறது. சர்க்கரை நோயாளியிடம் “சத்தியம் பண்ணு, இனி சர்க்கரை ஏறக் கூடாது” என்று நாம் சொல்வதில்லை. மருந்து, உணவு, பரிசோதனை என்று வழி காட்டுகிறோம். அந்த வழியில் நடப்பது அவர் பொறுப்பு, வழியைக் காட்டுவது நம் பொறுப்பு.

இங்கே இரண்டு எச்சரிக்கைகள். தினமும் அதிகமாகக் குடித்து வந்தவர் திடீரென்று நிறுத்தினால், சில மணி நேரத்திலிருந்து இரண்டு மூன்று நாளுக்குள் வலிப்பு, மனக்குழப்பம், இல்லாதது கண்ணில் தெரிவது போன்றவை வரலாம். உயிருக்கே ஆபத்தாகவும் முடியலாம். எனவே அப்படிப்பட்டவர் முதலில் மருத்துவரைப் பார்க்க வேண்டும். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் மனநலப் பிரிவில் இதற்குச் சிகிச்சை உண்டு. இரண்டாவது, அவருக்குத் தெரியாமல் சாப்பாட்டில் கலந்து கொடுக்கும் மருந்து. அந்த மருந்து உடம்பில் இருக்கும்போது அவர் குடித்தால் உயிரே போகலாம். தாய்மார்களே, உங்கள் வேதனை புரிகிறது, ஆனாலும் அதைச் செய்யாதீர்கள்.

இரண்டாவது, வெளியே வருதல்

மருத்துவமனையில் பத்து நாளில் உடம்பு தேறிவிடும். அதன்பின் அதே தெரு, அதே நண்பர்கள், அதே சம்பள நாள். அப்போது என்ன செய்வது? இதற்கு ஒரு விடை 1935ஆம் ஆண்டு அமெரிக்காவில் ஒரு தொலைபேசி அழைப்பில் பிறந்தது.

பில் வில்சன் என்ற பங்குச்சந்தைத் தரகர் குடியால் எல்லாம் இழந்து, குடியை விட்டுச் சில மாதங்களே ஆகியிருந்தன. வியாபார வேலையாக ஒகாயோ மாநிலத்தின் ஆக்ரன் நகருக்கு வந்தார். வந்த காரியம் தோற்றது. கையில் காசு குறைவு, ஊரில் தெரிந்தவர் எவருமில்லை. தங்கியிருந்த விடுதியின் மதுக்கூடத்திலிருந்து சிரிப்புச் சத்தம் கேட்கிறது. கால் அந்தப் பக்கம் இழுக்கிறது. அங்கே மாட்டியிருந்த ஆலயங்களின் பட்டியலைப் பார்த்து, முன்பின் தெரியாத ஒரு போதகருக்குப் போன் செய்தார். அவர் கேட்டது பணமோ செபமோ அல்ல. தன்னைப் போலவே குடியால் அவதிப்படும் ஒருவரிடம் பேச வேண்டும் என்று கேட்டார். அந்த அழைப்பின் வழியாக அறுவைச் சிகிச்சை மருத்துவர் பாப் ஸ்மித்தைச் சந்தித்தார். பதினைந்து நிமிடம்தான் என்று சொல்லி உட்கார்ந்த மருத்துவர் ஆறு மணி நேரத்துக்கு மேல் பேசிக்கொண்டிருந்தார். அறிவுரை சொல்ல வந்தவர்களிடம் சொல்லாததையெல்லாம் தன்னைப் போன்றவரிடம் சொல்ல முடிந்தது. 1935 ஜூன் 10ஆம் தேதி மருத்துவர் பாப் கடைசியாகக் குடித்த நாள். அந்த நாளையே ‘ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்’ என்ற தோழமையின் பிறந்தநாளாக வைத்துக்கொண்டார்கள். சுருக்கமாக ஏ.ஏ. இன்று உலகின் சுமார் 180 நாடுகளில் இருக்கிறது. இந்தியாவில் 1957ஆம் ஆண்டு முதல் இருக்கிறது. தமிழிலேயே கூட்டங்கள் நடக்கின்றன.

கூட்டத்தைக் கண்டுபிடிப்பது எப்படி? போதை மறுவாழ்வுக்கான இலவச தேசிய உதவி எண் 14446. மனநல ஆலோசனைக்கு டெலி மானஸ் எண் 14416, இதில் தமிழிலும் பேசலாம். மருத்துவமனையின் மனநலப் பிரிவில் கேட்டால் அருகில் எங்கே, எந்தக் கிழமை கூட்டம் என்று பெரும்பாலும் தெரிந்து வைத்திருப்பார்கள். ஏ.ஏ. அமைப்பின் இணையதளத்திலும் ஊர்வாரியாகப் பார்க்கலாம். உள்ளூரில் தெரிந்தவர் கண்ணில் படத் தயங்கினால் பக்கத்து ஊர்க் கூட்டத்துக்குப் போங்கள். வெளியூர் வேலையில் இருப்பவர்களுக்குப் போன் வழியாகச் சேரும் கூட்டங்களும் உண்டு. எதுவும் தெரியாவிட்டால் உங்கள் பங்குத்தந்தையைக் கேளுங்கள். அவருக்கும் தெரியாவிட்டால், விசாரித்துச் சொல்வது அவர் கடமை.

அங்கே என்ன நடக்கும்? பலர் பயப்படுவது இதற்குத்தான், அதனால் விவரமாகச் சொல்கிறேன். ஒரு சாதாரண அறை, நாற்காலிகள், பெரும்பாலும் தேநீர். வருகைப் பதிவேடு கிடையாது. முழுப்பெயர், சாதி, ஊர், தொழில் யாரும் கேட்க மாட்டார்கள். சற்று நேரம் மௌனம், சிறு செபம், பிறகு தோழமையின் நோக்கத்தை ஒருவர் வாசிப்பார். அதன்பின் ஒவ்வொருவராகத் தம் பெயரைச் சொல்லி, தாம் ஒரு குடிநோயாளி என்று சொல்லி, தம் கதையைப் பகிர்வார்கள். ஒருவர் பேசும்போது மற்றவர் குறுக்கிடுவதில்லை, புத்தி சொல்வதும் இல்லை. நீங்கள் பேசித்தான் ஆக வேண்டும் என்பதும் இல்லை, கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கலாம். ஒன்று, ஒன்றரை மணி நேரத்தில் முடிந்துவிடும். கட்டணம் இல்லை. அறை வாடகைக்கும் தேநீருக்கும் உறுப்பினர்கள் விரும்பியதைப் போடுவார்கள், வெளியாரிடம் நன்கொடை வாங்குவதில்லை. சேர ஒரே தகுதி, குடியை விட வேண்டும் என்ற ஆசை. விட்டுவிட்டுத்தான் வர வேண்டும் என்பதுகூட இல்லை.

‘திறந்த கூட்டம்’ என்று அறிவித்தால் குடும்பத்தாரும் உட்காரலாம். ‘மூடிய கூட்டம்’ என்றால் குடிநோய் உள்ளவர்கள் மட்டும். பெண்களில் இந்த நோய் உள்ளவர்கள் வெளியே சொல்வது இன்னும் கடினம். அவர்களுக்கும் இங்கே இடம் உண்டு, சில இடங்களில் தனிக் கூட்டமும் உண்டு. முதல் கூட்டத்திலேயே எதையும் முடிவு செய்யாதீர்கள், ஐந்தாறு கூட்டம் போய்ப் பாருங்கள். ஒரு குழு ஒத்துவராவிட்டால் வேறு குழு இருக்கும். நாளடைவில் பல ஆண்டுகள் குடிக்காமல் இருக்கும் ஒருவரை வழித்துணையாக வைத்துக்கொள்ளலாம். கை நடுங்கும் இரவு இரண்டு மணிக்கு நீங்கள் போன் செய்யக்கூடிய மனிதர் அவர்தான். என் கொத்தனாருக்கு இல்லாமல் போனதும் அவர்தான்.

இவர்கள் வாழ்நாள் சத்தியம் கேட்பதில்லை. இன்று ஒரு நாள், இருபத்து நான்கு மணி நேரம், குடிக்காமல் இரு என்கிறார்கள். நமக்கு இது புதிதல்ல. ஆண்டவர் கற்றுத்தந்த செபத்தில் நாம் கேட்பது அன்றன்றைய உணவைத்தான். பாலைநிலத்தில் மன்னாவும் அன்றன்றைக்குத்தான் கிடைத்தது, மறுநாளுக்கென்று சேர்த்து வைத்தது கெட்டுப்போனது. இடையில் வழுக்கி விழுந்தாலும் அதோடு முடிந்துவிடாது. மறுநாள் அதே நாற்காலியில் போய் உட்கார்ந்து, விழுந்துவிட்டேன் என்று சொல்லலாம். யாரும் விரட்ட மாட்டார்கள்.

“இது வேறு சபைக்காரர் கூட்டமா? நம் விசுவாசத்துக்கு எதிரானதா?” என்று சிலர் கேட்கிறார்கள். எந்த மதத்தையும் சாராத தோழமை அது. தங்களைவிட மேலான ஓர் ஆற்றலிடம் தங்களை ஒப்படைப்பது அவர்களுடைய பன்னிரு படிகளில் ஒன்று. அந்த ஆற்றலை நாம் தந்தையே என்று அழைக்கிறோம், அவ்வளவுதான் வேறுபாடு. ஐந்தாம் படியில் தன் குற்றங்களை இறைவனிடமும் தன்னிடமும் இன்னொரு மனிதரிடமும் ஒப்புக்கொள்ள வேண்டும். எட்வர்ட் டவ்லிங் என்ற இயேசு சபைக் குரு, தமக்குக் குடிப்பழக்கம் இல்லாதவர், இந்தப் படிகளில் புனித இஞ்ஞாசியாரின் ஆன்மிகப் பயிற்சிகளின் சாயலைக் கண்டார். 1940ஆம் ஆண்டின் குளிர்காலத்தில், மழை பெய்த ஓர் இரவில், கைத்தடியை ஊன்றியபடி பில் வில்சனைத் தேடிப் போனார். கடைசி வரை அவருக்கு ஆன்ம நண்பராக இருந்தார். ஒன்றை மட்டும் மனத்தில் வையுங்கள். கூட்டத்தில் பகிர்வது ஒப்புரவு அருளடையாளம் ஆகாது. பாவமன்னிப்பு அருளடையாளத்தில் கிடைக்கிறது, வழித்துணை கூட்டத்தில் கிடைக்கிறது. ஒன்று இருப்பதால் மற்றது வேண்டாம் என்று ஆகிவிடாது.

மூன்றாவது, கட்டவிழ்த்தல்

இந்தக் கட்டளை பங்கு மக்களாகிய நமக்கு. ஆக்ரன் நகரில் புனித தோமா மருத்துவமனையில் இக்னேசியா என்ற அருள்சகோதரி இருந்தார். குடிநோயாளிகளை எந்த மருத்துவமனையும் விரும்பி ஏற்காத காலம் அது. 1939ஆம் ஆண்டு, மருத்துவர் பாப் கேட்டுக்கொண்டபடி, அவர்களுக்குத் தம் மருத்துவமனையின் கதவைத் திறந்துவிட்டார். குணமாகிப் போகும் ஒவ்வொருவர் கையிலும் இயேசுவின் திரு இருதயப் பதக்கம் ஒன்றைக் கொடுப்பார். மறுபடியும் குடிக்க நினைத்தால், குடிப்பதற்கு முன் இதைத் திருப்பிக் கொண்டுவந்து கொடுத்துவிட வேண்டும், இதுதான் அவர் போட்ட ஒரே நிபந்தனை. சத்தியத்துக்கும் இதற்கும் உள்ள வேறுபாட்டைப் பாருங்கள். சத்தியத்தை மீறியவர் ஓடி ஒளிய வேண்டும். பதக்கம் வைத்திருப்பவரோ தடுமாறும்போது அந்தச் சகோதரியிடம் திரும்பி வர வேண்டும்.

நாம் செய்யக்கூடியவை எளியவை. ஒருவர் குடியை விட்டிருக்கிறார் என்று தெரிந்தால், “எத்தனை நாளைக்குன்னு பார்ப்போம்” என்று சிரிக்காதீர்கள். கிறிஸ்துமஸ் அன்று வீட்டில் போட்ட ஒயினை, “இது சாராயமா என்ன, ஒரு வாய் குடிங்க” என்று அவரிடம் நீட்டாதீர்கள். கல்யாண வீட்டிலும் துக்க வீட்டிலும் அவரை வற்புறுத்தாதீர்கள். திருப்பலியில் இரு வடிவங்களிலும் நற்கருணை வழங்கும் நாளில், அவர் அப்ப வடிவில் மட்டும் வாங்கிக்கொள்ளட்டும். இரத்தத்தில் தோய்க்காமல் தரும்படி முன்னரே குருவிடம் சொல்லிவிடலாம். அப்ப வடிவில் மட்டுமே வாங்கினாலும் கிறிஸ்துவை முழுமையாகவே பெறுகிறோம் என்பது நம் விசுவாசம். கூட்டத்தில் யாரைப் பார்த்தாலும் வெளியே பேசாதீர்கள். பெயரை வெளியிடாமை அந்தத் தோழமையின் அடித்தளம்.

குடும்பத்தாருக்கும் கட்டுகள் உண்டு. மனைவியர், பெற்றோர், பிள்ளைகளுக்காக 1951ஆம் ஆண்டு பில்லின் மனைவி லோயிசும் மற்றவர்களும் ‘அல்-அனான்’ என்ற தோழமையைத் தொடங்கினார்கள். அவர் குடியை விட்டாலும் விடாவிட்டாலும் நீங்கள் அதற்குப் போகலாம். அவருடைய குடிக்கு நீங்கள் காரணம் அல்ல என்று யாராவது உங்களிடம் சொல்ல வேண்டியிருக்கிறது. அங்கே சொல்வார்கள். ஆனால் வீட்டில் அடி உதை இருந்தால், முதலில் உங்களையும் பிள்ளைகளையும் பாதுகாப்பான இடத்துக்குக் கொண்டுபோங்கள். பொறுமை என்ற பெயரில் அடி வாங்கிக்கொண்டிருக்க ஆண்டவர் கேட்கவில்லை.

கடைசியாக எங்கள் பங்கைப் பற்றி ஒரு வார்த்தை. மறைக்கல்வி நடக்கும் அறைகளில் ஒன்றை, வாரம் ஒரு மாலை, இத்தகைய கூட்டத்துக்குத் தரலாமா என்று பங்குப் பேரவையில் கேட்டேன். “குடிகாரர்களுக்கா கோயில் வளாகம், சாமி? பிள்ளைகள் வரும் இடமாயிற்றே” என்று ஒருவர் கேட்டார். அவரை நான் குறை சொல்லவில்லை, மார்த்தாவின் பயம்தான் அது. ஆனால் அந்த அறைக்கு வருகிறவர்கள் குடிக்க வருவதில்லை, குடிக்காமல் இருக்க வருகிறார்கள். குடிக்கிறவர்கள் நம் வளாகத்துக்கு ஏற்கெனவே வந்துகொண்டுதான் இருக்கிறார்கள், ஒவ்வொரு ஞாயிறும், நம் பக்கத்து இருக்கையில். பேரவை இன்னும் முடிவு சொல்லவில்லை. நான் காத்திருக்கிறேன், நீங்களும் செபியுங்கள். அதுவரை, பங்கு இல்லத்தின் கதவு எந்த நேரமும் திறந்திருக்கும். இம்முறை நான் சத்தியம் கேட்க மாட்டேன். எங்கே, எந்தக் கிழமை என்று சொல்வேன். விரும்பினால் முதல் நாள் உங்களோடு வாசல் வரை வருவேன்.

இன்று கேட்டுக்கொண்டிருப்பவர்களில், தவக்காலத்துக்காக நிறுத்தியிருக்கும் சகோதரரே, உங்களிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். உயிர்ப்புப் பெருவிழா வருவதற்கு முன், இந்தப் பதினான்கு நாளுக்குள், ஒரே ஒரு கூட்டத்துக்குப் போய் உட்கார்ந்து பாருங்கள்.

கட்டவிழ்ந்த இலாசருக்குப் பிறகு என்ன ஆயிற்று? யோவான் அடுத்த அதிகாரத்தில் சொல்கிறார். பெத்தானியாவில் ஒரு விருந்து. மார்த்தா பரிமாறுகிறார். இலாசர் ஆண்டவரோடு பந்தியில் இருக்கிறார். நாலு நாள் கல்லறையில் கிடந்தவர் தம் சகோதரிகளோடு, தெளிந்த கண்களோடு சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார். இந்தப் பாஸ்கா இரவில் நம் பங்கின் ஒவ்வொரு வீட்டிலும் அப்படி ஒரு பந்தி அமைய ஆண்டவர் அருள்வாராக. ஆமென்.